சாஞ்செஸ் – நெல்சன், 1982: அந்தப் பதினைந்தாவது சுற்றை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஆத்தங்குடிக்கல் (காரைக்குடி):

1982 ஜூலை 21. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். டபிள்யூ.பி.சி. (உலக பாக்ஸிங் கவுன்சில்) ஃபெதர்வெயிட் எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை. பட்டம் மெக்சிகோவின் சால்வடோர் சாஞ்செஸ் கையில். வயது 23தான், ஆனால் அதற்குள் எட்டு முறை பட்டத்தைக் காப்பாற்றிவிட்டார். எதிரே கானா நாட்டு அஸூமா நெல்சன். போட்ட சண்டை மொத்தமே 13. அத்தனையும் வெற்றி என்றாலும் அமெரிக்க ரசிகனுக்கு அது முன்பின் கேட்டிராத பெயர். போதாததற்கு அவர் மாற்று ஆள். முதலில் பேசி வைத்திருந்தது கொலம்பியாவின் மாரியோ மிராண்டாவை. அவர் விலகிக்கொள்ள, கடைசி நேரத்தில் நெல்சனைப் பிடித்துப் போட்டார்கள். சாஞ்செஸ் ஆறேழு சுற்றில் வேலையை முடித்துவிடுவார் என்று நினைத்துத்தான் ஜனம் உட்கார்ந்திருக்கும்.

நடந்தது வேறு. நெல்சன் முதல் மணியிலிருந்தே முன்னால் வந்துகொண்டே இருந்தார். வயிற்றுக்கும் தலைக்கும் மாற்றி மாற்றிக் குத்தினார். 7ஆவது சுற்றில் ஒருமுறை விழுந்தார், எழுந்தார், திரும்பவும் முன்னால் வந்தார். 14 சுற்று முடிந்தபோது மூன்று ஜட்ஜுகளின் பாயிண்ட் அட்டையில் இரண்டு சாஞ்செஸ் பக்கம், ஒன்று நெல்சன் பக்கம். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது பட்டம் யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை. அந்தச் சுற்றில்தான் சாஞ்செஸ் ஆளை வீழ்த்தினார். 1 நிமிடம் 49 வினாடியில் நடுவர் டோனி பெரேஸ் சண்டையை நிறுத்தினார்.

அப்புறம் 22 நாள். ஆகஸ்ட் 12 விடிகாலையில் கெரேட்டாரோ பக்கத்து நெடுஞ்சாலையில் சாஞ்செஸ் ஓட்டி வந்த போர்ஷே கார் லாரியில் மோதியது. அவ்வளவுதான்.

என் வாதம் இது. இந்தச் சண்டை இன்றைக்குச் 'சாஞ்செஸின் கடைசிச் சண்டை' என்ற ஒரு வரியாகச் சுருங்கிப்போனது. சாவுச் செய்திக்கு முன்னுரை மாதிரி ஆகிவிட்டது. சாஞ்செஸ் என்றால் எல்லோரும் 1981இல் வில்ஃப்ரெடோ கோமஸை 8ஆவது சுற்றில் சாய்த்ததைத்தான் சொல்கிறார்கள். அது பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. கோமஸ் அதுவரை தோற்றதே இல்லை. ஒரு சமன் தவிர 32 சண்டையும் நாக்அவுட். ஆனால் சாஞ்செஸ் யார் என்று காட்டியது நெல்சன் சண்டைதான். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

இடதுகை (காரைக்குடி):

அண்ணே, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல சண்டை. ஆனால் இதை 'யாரும் பேசாத சண்டை' என்று சொல்வது கொஞ்சம் ஓவர். பாக்ஸிங் பித்துப் பிடித்தவன் எவனைக் கேட்டாலும் சொல்வான். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. அவர் 23 வயதில் சாகாமல் இருந்து, 30 வயதில் யாரோ ஒரு சின்னப் பையனிடம் உதை வாங்கி ஓய்வு பெற்றிருந்தால், இந்தச் சண்டையை இவ்வளவு உருக்கமாகப் பார்ப்போமா? இளமையில் போனவனுக்கு நாம் எப்போதும் இரண்டு மார்க் கூடப் போடுவோம்.

ஆத்தங்குடிக்கல்:

தம்பி, நான் சொல்வதும் அதேதான். சாவு சண்டையை மறைக்கிறது என்கிறேன். நீங்கள் சாவு சண்டையை உயர்த்துகிறது என்கிறீர்கள். ஒருமுறை சாவை மறந்துவிட்டு 11ஆவது சுற்றிலிருந்து மட்டும் போட்டுப் பாருங்கள்.

அம்பாங்தெரு பேரன் (தேவகோட்டை):

மறக்கப்பட்ட பட்டச் சண்டை என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான். 1975 ஜூலை 1, கோலாலம்பூர், மெர்டேக்கா ஸ்டேடியம், முகமது அலி – ஜோ பக்னர். ஐயா (தாத்தா) அப்போது அம்பாங் தெருக் கிட்டங்கியில், அதாவது செட்டிமார் வட்டிக்கடை வைத்திருந்த கட்டிடத்தில், அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியர்). ஸ்டேடியம் நடந்தே போகிற தூரம். 1957இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் சுதந்திரப் பிரகடனம் செய்த அதே மைதானம். அமெரிக்காவில் ராத்திரி டிவியில் பார்க்க வேண்டும் என்பதற்காக இங்கே காலையிலேயே சண்டை.

அலி 1974இல் கின்ஷாசாவிலும் 1975இல் மணிலாவிலும் போட்ட சண்டைகளைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. நடுவில் உலக ஹெவிவெயிட் பட்டத்தை நம் செட்டிமார் தெருவுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து 15 சுற்று சண்டை போட்டதைப் பற்றி எவனாவது பேசுகிறானா?

இடதுகை:

ஏன் பேசவில்லை தெரியுமா? சண்டை படு மொக்கை. பக்னர் 15 சுற்றும் கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். அலி பாயிண்ட்ஸில் சுலபமாக ஜெயித்தார். மறக்கப்பட்டதல்ல, மறக்க வேண்டியது.

அம்பாங்தெரு பேரன்:

ஐயாவே அதைத்தான் சொல்வார். 'என்ன பார்த்தீக?' என்று கேட்டால், 'புழுக்கம் பார்த்தேன்' என்பார். ஒரு அடி கூட நினைவில் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, பக்கத்தில் இருந்த சீனர் ஒருவர் கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார், அலி சுற்றுக்குச் சுற்று கூட்டத்தைப் பார்த்து வாயசைத்துக்கொண்டே இருந்தார். இவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் அந்த டிக்கெட் துண்டு வீட்டில் இரண்டாங்கட்டு அலமாரியில், புள்ளிக் கணக்கு நோட்டுக்குள் இருந்தது. வட்டிக் கணக்கும் அலியும் ஒரே நோட்டில்.

பீட்டி வாத்தியார் (கண்டனூர்):

பக்னருக்கு வக்காலத்து வாங்க ஆள் இல்லை, நான் வாங்குகிறேன். ஹங்கேரியில் பிறந்து, 1956 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். 1973இல் லாஸ் வேகாஸில் அலியோடு 12 சுற்றும், அதே வருஷம் லண்டனில் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியரோடு 12 சுற்றும் நின்றவர். ஃப்ரேசியர் சண்டையைப் பாருங்கள், ஆள் கோழை இல்லை என்று தெரியும். கோலாலம்பூரில் அந்த வெக்கையில் அவர் போட்ட கணக்கு 15 சுற்று தாங்குவது, அவ்வளவுதான். ஜெயிக்கிற கணக்கு அல்ல.

சரி, இழைக்கு வருவோம். சாஞ்செஸ் சண்டையை நேற்று இரவு முழுதும் போட்டுப் பார்த்தேன். மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. சாஞ்செஸ் முதல் ஐந்தாறு சுற்றும் அவசரமே படவில்லை. பின்னங்காலில் எடையை வைத்துக்கொண்டு, எதிராளி வரட்டும் என்று நிற்கிறார். நெல்சன் குத்தினால் தலையை அரை ஜாண் நகர்த்துகிறார், அதற்கு மேல் நகர்த்துவதில்லை. அந்த அரை ஜாண் தூரத்திலிருந்தே திருப்பிக் குத்துகிறார். பார்க்கிறவருக்கு அவர் பின்வாங்குவதுபோல் தெரியும். ஒரு ஜட்ஜுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இடதுகை:

சார், அதுதான் என் கேள்வியே. பின்வாங்குவதுபோல் தெரிந்தால் அது பாதித் தோல்விதான். நெல்சன் சும்மா வரவில்லை, அடித்துக்கொண்டே வந்தார். 14 சுற்று முடிவில் என் அட்டையில் நெல்சன் ஒரு பாயிண்ட் முன்னால்.

பீட்டி வாத்தியார்:

கூட்டிப் பார்த்தீர்களா? சுற்றுக்கு ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. விழுந்தால் 8. 14 சுற்றில் ஆளுக்கு ஏழு என்று சரிபாதியாகப் பிரித்தாலும் 133-132 சாஞ்செஸுக்கு. அந்த ஒரு பாயிண்ட் முழுக்க 7ஆவது சுற்று விழுகையால் வந்தது. நெல்சன் முன்னால் என்றால் நீங்கள் அவருக்கு எட்டு சுற்று கொடுத்திருக்க வேண்டும்.

இடதுகை:

கொடுத்தேன்.

கோட்டையூர் ஆச்சி:

நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை. மகள் பாக்ஸிங் பழகுகிறாள், மாவட்ட அளவில் போகிறாள், அதனால் படிப்பதோடு சரி. இந்தச் சண்டையை நேற்று அவளோடு வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து பார்த்தேன். அவள் என்னைவிட நன்றாகப் பார்த்தாள். 7ஆவது சுற்றை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். நெல்சன் வலது கையால் குத்திவிட்டு அந்தக் கையை நேராகத் தாடைக்குக் கொண்டுவராமல் கீழே இறக்கி வளைத்துக் கொண்டுவருகிறாராம். 'அம்மா, அந்த இடைவெளியில்தான் இடது ஹூக் போகும்' என்றாள். ஹூக் என்றால் பக்கவாட்டிலிருந்து வளைத்துக் குத்துவது. இதே தப்புக்காக அவளைக் கோச் கையில் டென்னிஸ் பந்தைக் கொடுத்து, தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு பழகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். இவர்கள் எதற்கு 15 சுற்று சண்டை போட்டார்கள்? இவளுக்கு மூன்று சுற்று, அதுவே போதும் போதும் என்றாகிறது எனக்கு.

ஆத்தங்குடிக்கல்:

ஆச்சி, நீங்கள் கேட்டதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது, நானே எழுத இருந்தேன்.

அப்போது பட்டச் சண்டை என்றால் 15 சுற்று, அதுதான் வழக்கம். அதே 1982 நவம்பர் 13இல் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டக் கூ கிம் 14ஆவது சுற்றில் விழுந்தார், மூளையில் ரத்தக்கசிவால் நாலைந்து நாளில் இறந்தார். அந்த ஆண்டு முடியும் முன்பே டபிள்யூ.பி.சி. இனிமேல் 12 சுற்றுதான் என்று அறிவித்துவிட்டது. மற்ற அமைப்புகள் மெதுவாக, 80களின் பிற்பகுதியில் வழிக்கு வந்தன.

இப்போது சாஞ்செஸ் பக்கம் வாருங்கள். 1980 பிப்ரவரியில் டேனி லோபஸிடமிருந்து பட்டத்தைப் பறித்தது 13ஆவது சுற்றில். ஜூன் மாத மறுசண்டையில் லோபஸை நிறுத்தியது 14ஆவது சுற்றில். நெல்சனை நிறுத்தியது 15இல். மூன்றும் இன்றைய விதிப்படி இல்லாத சுற்றுகள். அவர் எங்கே பெரிய ஆளாக இருந்தாரோ அந்த இடமே விளையாட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. இன்றைக்குப் பாக்ஸிங் பார்க்க ஆரம்பிக்கிற பையனுக்கு 13ஆவது சுற்று என்றால் என்னவென்றே தெரியாது. அப்புறம் எப்படி இந்தச் சண்டையின் அருமை தெரியும்? மறந்துபோனதற்குச் சாவு பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

சிங்கப்பூர் புதுவயல்:

அருமையான கணக்கு அண்ணே. லோபஸ் சண்டை இரண்டும் எப்படியும் பாயிண்ட்ஸில் சாஞ்செஸுக்குத்தான் போயிருக்கும். நெல்சன் சண்டைதான் உண்மையிலேயே தொங்கலில் இருந்தது.

இடதுகை:

அப்படியானால் 12 சுற்றுச் சண்டையாக இருந்திருந்தால் நெல்சன் சாம்பியன். நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். நன்றி.

ஆத்தங்குடிக்கல்:

இல்லை தம்பி, அப்படி வெட்டிப் பார்க்கக் கூடாது. 15 என்று தெரிந்து இறங்கினவர் 15க்குத்தான் மூச்சைப் பங்கு போடுவார். வாத்தியார் சொன்னாரே, முதல் ஐந்தாறு சுற்று அவசரமே படவில்லை என்று. 12 என்றால் அவர் 4ஆவது சுற்றிலேயே வேகம் கூட்டியிருப்பார். நெல்சனும் அப்படித்தான், கொஞ்சம் மிச்சம் வைக்காமல் அடித்திருப்பார். அது வேறு சண்டை. 15 சுற்றுச் சண்டையில் முதல் 12 சுற்றை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு 'இதோ ரிசல்ட்' என்று சொல்ல முடியாது.

11க்குப் பிறகு பாருங்கள் என்று அதனால்தான் சொன்னேன். 13, 14இல் இரண்டு பேருக்கும் களைப்பு. ஆனால் களைப்பு இரண்டு விதமாகத் தெரிகிறது. நெல்சன் களைத்தால் குத்து அகலமாகிறது, தோளிலிருந்து வீசுகிறார். சாஞ்செஸ் களைத்தால் குத்து இன்னும் குட்டையாகிறது. அந்தக் குட்டைக் குத்துதான் 15இல் போய்ச் சேர்ந்தது.

கோட்டையூர் ஆச்சி:

நீங்கள் அருமை பெருமை என்கிறீர்கள். நான் பார்த்தது நெல்சனின் கால்களை. 15இல் விழுந்து எழுந்தபோது இடது கால் தரையில் இருக்கிறது, வலது கால் எங்கே வைப்பது என்று தேடுகிறது. முகத்தைப் பார்த்தால் சண்டைக்குத் தயார் என்கிற முகம், கால் வேறு கதை சொல்கிறது. நடுவர் காலைப் பார்த்து முடிவெடுத்தார், அதற்கு அவரைக் கும்பிட வேண்டும். நாலு மாசத்தில் அந்தக் கொரியப் பையனுக்கு நடந்தது அன்றைக்கு இவருக்கும் நடந்திருக்கலாம். மூணு சுற்று குறைந்ததால் உங்களுக்குச் சுவை குறைந்திருக்கலாம். என்னைக் கேட்டால் இன்னும் குறைக்கச் சொல்வேன்.

ஆத்தங்குடிக்கல்:

ஆச்சி சொல்வதை மறுக்க எனக்கு வாய் இல்லை. 12 ஆக்கியது சரிதான். பழைய 15ஐத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. இருந்த காலத்தில் அதில் என்ன வித்தை நடந்தது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பீட்டி வாத்தியார்:

ஒரு சின்னச் சேர்க்கை. சுற்றுக் கணக்கைக் குறைத்தது மட்டும் பாதுகாப்பு இல்லை. கிம்முக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனைகளையும் இறுக்கினார்கள். நடுவர்கள் முன்கூட்டியே நிறுத்தப் பழகினார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் டாக்டர் ரிங் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பெற்றோர்கள் முதலில் பார்க்க வேண்டும். நாற்காலி மட்டும் போட்டு வைத்திருந்தால் பிள்ளையை ஏற விடாதீர்கள்.

அம்பாங்தெரு பேரன்:

மாற்று ஆளாக வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனை, அதாவது எடுபிடியை, கணக்கு எழுத உட்கார வைத்தால் மேலாளின் பேரேட்டிலேயே பிழை கண்டுபிடிப்பானே, அந்த மாதிரி. அப்புறம் அந்த மிராண்டா என்ன ஆனார்?

சிங்கப்பூர் புதுவயல்:

அதுதான் இதில் வேடிக்கை. சாஞ்செஸ் இறந்ததும் பட்டம் காலி. காலியான பட்டத்துக்கு 1982 செப்டம்பரில் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சண்டை வைத்தார்கள். ஒருவர் ஹுவான் லபோர்ட், இன்னொருவர் யார் தெரியுமா? அதே மாரியோ மிராண்டா! ஜூலையில் வராதவருக்குச் செப்டம்பரில் பட்ட வாய்ப்பு. வந்து 15ஆவது சுற்று வரை நின்ற நெல்சனுக்கு இல்லை. லபோர்ட் ஜெயித்தார் என்பது ஒரு ஆறுதல்.

லபோர்ட்டிடமிருந்து 1984 மார்ச்சில் கோமஸ் பட்டத்தைப் பிடித்தார், ஆமாம், சாஞ்செஸிடம் தோற்ற அதே கோமஸ். அந்த ஆண்டு டிசம்பர் 8, சான் ஹுவான், கோமஸின் சொந்த ஊர், சொந்தக் கூட்டம். நெல்சன் போய் 11ஆவது சுற்றில் அவரை நாக்அவுட் செய்து பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். 1982இல் கைக்கெட்டியது 1984இல் வாய்க்கு வந்தது.

ஆத்தங்குடிக்கல்:

அதை ஒட்டி ஒரு சங்கிலி இருக்கிறது. கானாவுக்கு முதல் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் டேவிட் கோட்டே, 'டி.கே. பாய்ஸன்' என்பார்கள். 1975இல் ரூபன் ஒலிவாரஸைத் தோற்கடித்து இதே டபிள்யூ.பி.சி. ஃபெதர்வெயிட் பட்டம் பெற்றார். 1976 நவம்பரில் அக்ராவிலேயே, சொந்த மண்ணில், அவரிடமிருந்து அதைப் பிடுங்கியவர் டேனி லோபஸ். லோபஸிடமிருந்து எடுத்தவர் சாஞ்செஸ். ஆக நெல்சன் நியூயார்க் போனது தன் ஊரிலிருந்து போன பொருளைத் திரும்பக் கேட்கத்தான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அவர் ஏன் அப்படி முன்னால் முன்னால் வந்தார் என்று புரிகிறது.

சிங்கப்பூர் புதுவயல்:

பாய்ஸன் கதையில் நம்மாட்களுக்கு ஏற்ற துண்டு ஒன்று உண்டு. 1976இல் கானாவில் கடும் தட்டுப்பாடு. அரசாங்கம் பாய்ஸனின் பரிசுப் பணத்திலிருந்து 45,000 டாலர் கடன் வாங்கிக் கானாங்கெளுத்தி டின் இறக்குமதி செய்தது. ஒரு நாடு தன் குத்துச்சண்டை வீரனிடம் கைமாற்று வாங்கின கதை உலகத்தில் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை.

அம்பாங்தெரு பேரன்:

வட்டி எத்தனை என்று எழுதினார்களா?

இடதுகை:

கானாவுக்குக் கானாங்கெளுத்தி. தேவகோட்டைக்கு வட்டி. நல்ல இழை.

மட்டுறுத்துநர்:

மீன், வட்டி இரண்டையும் இத்தோடு நிறுத்திக்கொள்வோம். சண்டையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன், காரணம் எழுதியவர்களுக்கே தெரியும்.

பீட்டி வாத்தியார்:

நெல்சனின் பிற்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சிலர் அவரை 'சாஞ்செஸைக் கஷ்டப்படுத்தின ஆள்' என்ற அளவில் பேசுகிறீர்கள். அது அநியாயம். 1988இல் அடுத்த எடைப் பிரிவான சூப்பர் ஃபெதர்வெயிட்டிலும் பட்டம். 1990இல் லைட்வெயிட்டுக்கு ஏறி பெர்னல் விட்டேக்கரோடு மோதித் தோற்றார், அது வேறு. 1991இல் லாஸ் வேகாஸில் ஜெஃப் ஃபெனெக்கோடு சமன். அந்த முடிவு ஃபெனெக்குக்கு அநியாயம் என்றுதான் பார்த்தவர்கள் பலரும் சொன்னார்கள். உடனே 1992 மார்ச்சில் ஃபெனெக்கின் ஊரான ஆஸ்திரேலியாவுக்கே போய், மெல்போர்னில் திறந்த மைதானத்தில், 8ஆவது சுற்றில் நிறுத்திக் கணக்கைத் தீர்த்தார். 2004இல் குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மண்டபத்தில்) இடம். அப்படிப்பட்ட ஆளை, அதுவும் பசியோடு இருந்த 24 வயதில், 15ஆவது சுற்றில் நிறுத்தியவர் சாஞ்செஸ். பிறகு நெல்சன் எவ்வளவு உயர்ந்தாரோ அவ்வளவு இந்தச் சண்டையின் மதிப்பும் பின்னோக்கி உயர வேண்டும். கோமஸ் சண்டைக்கு மெக்சிகோ – போர்ட்டோ ரிக்கோ பகை என்கிற பெரிய பக்கமேளம் இருந்தது. இதற்கு அது கிடையாது.

இடதுகை:

சார், இதை ஒத்துக்கொள்கிறேன். நெல்சனை யார் என்று தெரியாமல் பார்த்தால் சாஞ்செஸ் திணறுவதுபோல் தெரியும். தெரிந்து பார்த்தால் வேறு மாதிரி. 1982இல் பார்த்தவன் எவனுக்கும் தெரிந்திருக்காது. சாஞ்செஸுக்கே தெரிந்திருக்காது.

ஆனால் 1982 என்ற வருஷமே கொஞ்சம் கொழுத்த வருஷம் அண்ணே. ஜூனில் ஹோம்ஸ் – கூனி. நவம்பரில் ப்ரையர் – ஆர்குவெல்யோ, அடுத்த நாளே மான்சினி – கிம். டிசம்பரில் பாபி சாக்கன் – லிமோன் நாலாவது சண்டை, அதுவும் 15 சுற்று, கடைசி நொடிகளில் லிமோன் விழுந்து அந்த விழுகையால் சாக்கன் தப்பித்தார். அந்த வருஷத்துச் சிறந்த சண்டை என்று அதற்குத்தான் பட்டம் கொடுத்தார்கள். ஜூலையில் நடந்தது டிசம்பரில் யாருக்கு நினைவிருக்கும்?

ஆத்தங்குடிக்கல்:

இது நல்ல பாயிண்ட், நான் யோசிக்காத பக்கம். ஆனால் சாக்கன் – லிமோன் சண்டையும் 15ஆவது சுற்றில்தான் தீர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:

மகள் கேட்கச் சொன்னாள். சாஞ்செஸும் நெல்சனும் மறுபடி மோதியிருந்தால் யார்? அவள் நெல்சன் என்கிறாள். வலது கையைத் தாடைக்குக் கொண்டுவரப் பழகியிருப்பாராம்.

பீட்டி வாத்தியார்:

பாப்பாவிடம் சொல்லுங்கள், சாஞ்செஸும் சும்மா இருந்திருக்க மாட்டார். லோபஸோடு இரண்டாவது முறை மோதியபோது முதல் முறை வேலை செய்ததையே திரும்பச் செய்து ஜெயித்தார். எதிராளி திருத்திக்கொள்ள முடியாத தப்பைத்தான் அவர் தேடிப் பிடிப்பார். ஆனால் 24 வயது நெல்சன் லோபஸ் இல்லை, கற்றுக்கொள்கிற ஆள். பின்னாளில் அவருக்கு 'புரொஃபசர்' என்று பேரே வந்தது. எனக்கு 12 சுற்று என்றால் நெல்சன், 15 என்றால் சாஞ்செஸ்.

இடதுகை:

எனக்கு இரண்டிலும் நெல்சன். முதல் சண்டையிலேயே 14 சுற்று வரை அவர்தான் முன்னால். அட்டையை மாற்ற மாட்டேன்.

பீட்டி வாத்தியார்:

10ஆவது சுற்றை யாருக்குக் கொடுத்தீர்கள்?

இடதுகை:

நெல்சனுக்கு.

பீட்டி வாத்தியார்:

அதானே பார்த்தேன்.